நூறடி ரோட்டுக்கு முன்னும் பின்னும்: நம் பயத்தின் வரலாறு

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி படுக்கும்போது படியுங்கள்.

போன மாதம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். இப்போது அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் கார் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, கொரட்டூரிலிருந்து அண்ணா நகர் வரை தினமும் ஓட்டுகிறாள். ஆனால் மதுரவாயல் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் உள்ளங்கை வியர்க்கிறதாம், கால் கிளட்ச் மேல் நடுங்குகிறதாம். "அப்புறம் எதுக்குக் கார் வாங்கின?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். வேலையை வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்றும் ஒரு யோசனை. "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் "எனக்கு மட்டும்" என்ற இரண்டு வார்த்தைதான் என்னை உறுத்தியது. முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்தவள் நான். ஒருவருக்கு மட்டும் என்று நினைக்கிற பல விஷயங்களுக்குப் பின்னால் ஒரு காலமும் ஒரு ஊரும் இருக்கும். அதனால் போனில் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னதோடு விடாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் போடவில்லை.

முதலில் நம் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். கொரட்டூர்க்காரர்களுக்கு நடுவில் ரயில் பாதை, வடக்கே ஏரி, தெற்கே எம்.டி.எச். ரோடு. இந்த ரயில் பாதை சாதாரணமானது இல்லை. 1856 ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அது போன வழி இதுதான். அதற்கு முன்பு மாட்டு வண்டி வேகம்தான் மனிதனுக்குத் தெரிந்த வேகம். கோபம் வந்தால் குதிரை வேகம். இங்கிலாந்தில் ரயில் வந்த காலத்தில் விபத்தில் வெளிக்காயம் இல்லாமல் தப்பித்தவர்களுக்குக்கூட நடுக்கமும் தூக்கமின்மையும் வருவதைப் பார்த்து, ஜான் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் 1866-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். முதுகெலும்பு அதிர்ந்ததால் வருகிறது என்பது அவர் கணிப்பு. பயத்துக்கும் உடம்பில் தடயம் உண்டு என்று பேச ஆரம்பித்த இடங்களில் அது ஒன்று. புது வேகம் வரும்போதெல்லாம் புதுப் பயம் வந்திருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தைச் சுற்றிப் பழைய கோட்டைச் சுவர் இருந்தது. 1857-ல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதை இடிக்கச் சொன்னார். இடித்த இடத்தில் ரிங் சாலை போட்டு 1865-ல் திறந்தார்கள். அகலம் 57 மீட்டர். நம் நூறடி ரோடு பெயரில் இருக்கிற நூறு அடி என்பது 30 மீட்டர்தான், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் 'இன்னர் ரிங் ரோட்'டுக்கு அது கொள்ளுத் தாத்தா முறை. அந்தக் காலத்தில்தான், 1871-ல், பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் என்ற மனநல மருத்துவர் தன்னிடம் வந்த மூன்று ஆண்களைப் பற்றி எழுதினார். கவனியுங்கள், மூன்று பேரும் ஆண்கள். வீட்டில் தைரியசாலிகள், வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் அகலமான சதுக்கத்தையோ வெறிச்சோடிய அகலத் தெருவையோ கடக்க முடியவில்லை. நெஞ்சு படபடக்கும், கால் தள்ளாடும். சுவர் ஓரமாகப் போனால் சரியாக இருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் வந்தாலோ, முன்னால் ஒரு வண்டி போய் அதைத் தொடர்ந்து நடந்தாலோ, கையில் ஒரு தடி இருந்தாலோகூட பயம் குறையும். அந்த வியாதிக்கு அவர் வைத்த பெயரைத்தான் இன்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள், அகோராபோபியா.

வியன்னாவில் கமிலோ சிட்டே என்ற கட்டிடக் கலைஞர் 1889-ல் நகர அமைப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்த நோயைப் பற்றிச் சொல்லிவிட்டு, இதற்குக் காரணம் மனிதன் இல்லை, இப்படிக் கட்டி வைத்திருக்கிற வெட்டவெளிதான் என்கிற மாதிரி எழுதினார். பழைய ஊர்களின் சின்னச் சின்னச் சதுக்கத்தில் யாருக்கும் இந்தப் பயம் வந்ததில்லையே என்பது அவர் வாதம். எல்லா மருத்துவர்களும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பயப்படுகிறவரை மட்டும் பார்க்காமல், அவர் நிற்கிற இடத்தையும் பார்க்க வேண்டும் என்று சொன்னாரே, அதற்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, வண்டிக்கு வருவோம். சென்னையில் சிம்சன் கம்பெனியில் வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியால் ஓடும் காரைக் கட்டினார், இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். அப்போது பதிவு எண் எம்.சி. என்று தொடங்கும். எம்.சி. 1 என்ற எண் துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடையது என்றும், உயர் நீதிமன்றக் கட்டிடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்தான் சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்றும் சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். நமக்கு முக்கியம் என்னவென்றால், அந்தக் கார்களுக்கு யாரும் சாலை போடவில்லை. மாட்டு வண்டிக்குப் போட்ட சாலையில் அவை ஓடின. தெருவில் காருக்குத்தான் மற்றவர்களைப் பார்த்துப் பயம். இங்கிலாந்தில் 1865-ல் ஒரு சட்டம், இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும், ஊருக்குள் மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் போகக்கூடாது என்று. 1896 வரை அங்கே வேகத்துக்கு அப்படியொரு கடிவாளம். நினைத்தால் சிரிப்பு வருகிறது; ஆனால் தண்ணி லாரி முன்னால் யாராவது சிவப்புக் கொடியோடு நடந்தால் நானே போய் மாலை போடுவேன்.

தெற்கே டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912 வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பேருந்து ஓட்டத் தொடங்கினார். சாலையில் லாட ஆணிகள் கிடந்து டயர் பஞ்சராகும் என்று காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ஆணி பொறுக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பேருந்துகள் பெருகின, ரயிலோடு போட்டி வந்தது. 1927-ல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், அது சொல்லி பெட்ரோல் வரியிலிருந்து சாலை நிதி வந்தது. 1934-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம். 1943-ல் நாகபுரியில் பொறியாளர்கள் கூடி தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று இனம் பிரித்தார்கள். இதெல்லாம் புத்தகத்தில் ஒரு பத்தி, வேகமாகத் தாண்டுகிறேன். யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தாண்டக் கூடாத இடம் பாடி.

எனக்கு இது எப்போதும் ஆச்சரியம். இந்த நாட்டு வண்டிகளை நிற்க வைக்கிற சாமான்கள் நம் வீட்டுப் பக்கத்தில்தான் செய்யப்பட்டன. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், எல்லாம் 1960-க்கும் 1962-க்கும் இடையில் பாடியில் தொடங்கியவை. சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், லாரிக்கான ஏர் பிரேக். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்துவிட்டது. அப்புறம் டன்லப் டயர். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. எம்.டி.எச். ரோடு பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: லூகாஸ், பிரிட்டானியா, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், டன்லப். சாமி பெயரில் நிறுத்தம் குறைவு, கம்பெனி பெயரில் அதிகம். இத்தனைக்கும் பாடி என்பது திருவலிதாயம், சம்பந்தர் தேவாரம் பெற்ற ஊர்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களில் கார் வைத்திருந்தவர் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? நான் கல்யாணமாகி கொரட்டூர் ஹவுசிங் போர்டுக்கு வந்தது 1983-ல். காலை ஷிப்டுக்கு ரோட்டில் போனது சைக்கிள் கூட்டம். ஹேண்டில் பாரில் டிபன் கேரியர். வருஷத்துக்கு லட்சக்கணக்கான பிரேக் செய்தவர், தன் சைக்கிள் பிரேக் கட்டை தேய்ந்துபோய் காலைத் தரையில் உரசி நிறுத்துவார். என் மாணவர்களின் அப்பாக்கள் பலர் அப்படித்தான். வேகம் நம் ஊரில் உற்பத்தி ஆனது, ஆனால் நம் ஊரில் ஓடவில்லை. அதே வருஷம் டிசம்பரில்தான் மாருதி 800 வெளியே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நூறடி ரோடு எனப்படுகிற ஜவஹர்லால் நேரு சாலை கத்திப்பாராவிலிருந்து பாடி வரைக்கும். எங்களுக்கெல்லாம் அது முதலில் காலி இடமாகத்தான் தெரிந்தது. இவ்வளவு அகலம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அதன் ஓரத்தில் மாடு மேயும். 1996-ல் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் வந்தது. 2002-ல் பேருந்து நிலையம் வந்தது. அவ்வளவுதான், அந்த அகலம் பத்தவில்லை. பாடி சந்திப்பில் நாலு பக்கமும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்க, நடந்து கடப்பது ஒரு பெரிய காரியம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடக்கிற அம்மாக்கள் முதலில் ஒரு பெரியவரோ ஒரு கூட்டமோ சேரட்டும் என்று காத்திருப்பார்கள். வெஸ்ட்பாலின் நோயாளிகள் முன்னால் போகிற வண்டியைத் தொடர்ந்து நடந்தார்களே, அதையே நாங்கள் நோய் என்று தெரியாமல் தினமும் செய்தோம். பிறகு மேம்பாலம் வந்தது. வண்டிக்கு நிம்மதி. நடப்பவருக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வேறொரு புதிர்.

இதே நேரத்தில் நாடு முழுக்க ஒரு பெரிய வேலை நடந்தது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 1999-ல் அடிக்கல் நாட்டிய தங்க நாற்கரச் சாலை, டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கிலோமீட்டர். நம் பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூரு சாலை அதில் ஒரு பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்து 1998-ல் சான்ட்ரோ கார் வெளியானது. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல், அம்பத்தூர் வழியாக மாதவரம் போகும் 32 கிலோமீட்டர் சென்னை பைபாஸ் இரண்டு கட்டமாக வந்தது. அப்புறம் வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, நெமிலிச்சேரி வரை 2014-ல் திறந்தார்கள், மீதி பிறகு. அதாவது, சைக்கிளில் டிபன் கேரியர் தொங்கவிட்டுப் போனவரின் மகள், அவர் ரிட்டயர் ஆவதற்குள்ளேயே ஆறு வழிச் சாலையில் கார் ஓட்ட வேண்டியவளாகிவிட்டாள். ஐரோப்பாவில் மூன்று தலைமுறை எடுத்துக்கொண்ட மாற்றம் இங்கே ஒரே வீட்டுக்குள் இருபது வருஷத்தில் நடந்தது.

ஐரோப்பாவிலும் பயப்படாமல் யாரும் ஓட்டவில்லை. இங்கிலாந்தின் முதல் மோட்டார்வே பிரஸ்டன் நகரப் புறவழி, 1958 டிசம்பர் 5. குளிரில் தளம் கெட்டு 46 நாளில் மூடிப் பழுது பார்த்தார்கள். அடுத்த வருஷம் நவம்பர் 2-ந் தேதி எம்-1 திறப்பு. திறந்து வைத்த போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ், பாலத்தின் மேல் நின்று வண்டிகள் போகிற வேகத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார் என்று அப்போதே செய்தி வந்தது. திறந்து வைத்தவருக்கே அந்த நிலை! அன்றைக்கு அந்தச் சாலையில் வேக வரம்பு இல்லை, நடுவில் தடுப்பு இல்லை, விளக்கும் இல்லை. மெதுவாகப் போயே பழகிய பழைய கார்கள் பல இன்ஜின் சூடாகி வழியில் நின்றுவிட்டன. 1965 டிசம்பரில்தான் மணிக்கு 70 மைல் என்று வரம்பு வைத்தார்கள். பயந்த பிறகு சாலையைத் திருத்தினார்கள், அதுதான் விஷயம்.

ஓட்டக் கற்றுக்கொடுப்பதிலும் அப்படித்தான். ஜெர்மனியில் லைசென்ஸ் வாங்க வேண்டுமானால், அவர்களுடைய ஆட்டோபானில் ஆசிரியரோடு நான்கு பாடம் ஓட்டியே ஆக வேண்டும், இரவில் மூன்று பாடம். இங்கிலாந்தில் நேர்மாறாக, பழகுபவர் மோட்டார்வேக்குள் நுழையவே கூடாது என்று பல காலம் தடை. லைசென்ஸ் வாங்கின மறுநாள் தனியாகப் போகலாம், அதற்கு முந்தின நாள் ஆசிரியரோடுகூடப் போகக்கூடாது! இந்த விசித்திரத்தை 2018 ஜூன் 4-ல்தான் மாற்றினார்கள், இரட்டை பிரேக் வைத்த காரில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தால் போகலாம் என்று. நம் ஊரில் என்ன? பைக்குக்கு எட்டு போடு, காருக்கு ஒரு சின்ன ரவுண்டு, ரிவர்ஸ். முடிந்தது. நான் 1998-ல் கற்றுக்கொண்ட பயிற்சிப் பள்ளியில் இருபது நாளும் ஒரே நாலு தெரு. மூன்றாவது கியருக்கு மேல் போட்ட ஞாபகமே இல்லை. அந்தச் சொல்லித்தருபவர் நல்ல மனுஷன், பாவம், ஒரு நாளைக்குப் பத்து பேரை ஏற்றி இறக்க வேண்டும். நான்காவது கியர் எதற்கென்று கேட்டதற்கு, "அது வெளியூருக்கு மேடம், உங்களுக்கு எதுக்கு?" என்றார். எத்தனையோ பெண்களுக்கு அதே பதிலைச் சொல்லியிருப்பார். அப்புறம் அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் ஏறும்போது கை நடுங்கினால், பயந்தாங்கொள்ளி என்கிறோம்.

சாலையில் ஆணுக்குத்தான் தைரியம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில், கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அவர்கள். 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்து, நிறைய பயணிகளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கத்து வளைவுகளில் ஓட்டி ஓய்வு பெற்றார். அவருக்குப் பயமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. தினம் ஓட்டினார், அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. (எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடாதீர்கள்.) மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். 80 என்றால் நொடிக்கு 22 மீட்டர். முன்னால் ஏதோ வருகிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைப்போம். 80-ல் அதற்குள் வண்டி 33 மீட்டர் போய்விட்டது. இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை! பிடித்த பிறகு காய்ந்த தார் ரோட்டில் இன்னொரு 35 மீட்டராவது வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியில் இருக்கிற ஆற்றல் நாலு மடங்கு. நம் கொரட்டூர் தெருவில் பழகின கண்ணுக்கு இந்த அளவு தெரியாது. தெருவில் பக்கச் சுவர், கடை, மரம் எல்லாம் வேகமாகப் பின்னால் போவதால் நாம் வேகமாகப் போகிறோம் என்று கண் சொல்லும். அகலமான சாலையில் பக்கத்தில் ஒன்றும் இல்லை, 80-ல் போனாலும் மெதுவாகப் போவது போல இருக்கும். பயமில்லாதவனுக்கு இதுதான் ஆபத்து. பயப்படுகிறவள் குறைந்தபட்சம் முள்ளைப் பார்க்கிறாள்.

அகலம் மட்டும் காரணம் என்றால் வெளிநாட்டில் ஓட்டுகிறவர்களும் நடுங்க வேண்டுமே? என் தங்கை மகன் அமெரிக்காவில் ஒரு பக்கத்துக்கு ஆறு லேன் உள்ள சாலையில் தினமும் போகிறவன். லீவுக்கு வந்தபோது பைபாஸில் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். "பெரியம்மா, அங்கே எதிர்ல யாரும் வரமாட்டான்" என்றான். உண்மைதான். நம் நெடுஞ்சாலையில் வேகம் மட்டும் வெளிநாட்டு வேகம், மற்றதெல்லாம் உள்ளூர்த் தெரு. ராங் சைடில் ஷேர் ஆட்டோ வரும். மீடியனில் இடைவெளி இருந்தால் குடும்பமே ஒரு பைக்கில் திரும்பும். ராத்திரியில் விளக்கு இல்லாமல் லாரி ஓரத்தில் நிற்கும். கன்டெய்னர் வலது லேனில் ஆமை மாதிரி போகும், இடது பக்கம் முந்துவதைத் தவிர வழியில்லை. ஹை பீம் போட்டு முதுகில் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பார்கள். சர்வீஸ் ரோட்டிலிருந்து பார்க்காமல் நுழைவார்கள். இதையெல்லாம் ஒரே நேரத்தில் எதிர்பார்த்துக்கொண்டு ஓட்டுகிற மூளை களைத்துப் போகும். கண்ணாடியில் ஒரு தடவை பார்க்க வேண்டியதை நாலு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு அரசாங்கமே எண் தந்திருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் 61,038. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலையின் பங்கு சுமார் இரண்டு சதவீதம்தான், சாவில் அதன் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884. இந்த முதலிடத்துக்கு யாரும் பேனர் வைக்கவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்தபோது, அதிவிரைவுச் சாலைகளில் காருக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதித்த 2018-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிப்பையே ரத்து செய்தது. வேகம்தான் பெரும்பாலான விபத்துக்குக் காரணம் என்று தெரிந்திருக்கும்போது வேகத்தைக் கூட்டுவது எப்படி நியாயம் என்பதே நீதிபதிகளின் கேள்வி. நீதிபதி ஆசனத்திலிருந்து வந்தால் அது தீர்ப்பு. அதையே நம் வீட்டுப் பெண் பின் சீட்டிலிருந்து சொன்னால், "நீ சும்மா இரு" என்கிறோம்.

அதனால் என் கருத்து இது. அந்தப் பயத்தில் ஒரு பாதி சரியான தகவல். அதைப் போக்கத் தேவையில்லை. மறு பாதி, வண்டியை எடுக்கும் முன்பே ராத்திரித் தூக்கம் போவது, நெஞ்சு இறுகுவது, ஒரு தடவை தவிர்த்தால் அடுத்த தடவை இன்னும் கஷ்டமாவது. அது நம்மைத் தின்னும் பாதி. தவிர்க்கத் தவிர்க்க உலகம் சுருங்கும். முதலில் பெங்களூரு ரோடு வேண்டாம், அப்புறம் பைபாஸ் வேண்டாம், அப்புறம் பாடி பாலம் வேண்டாம். கடைசியில் காய்கறிக் கடை வரைதான் கார். வேலையை விடலாமா என்று அவள் கேட்டதில் எனக்குப் பதற்றம் வந்தது அதனால்தான்.

இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் 1958-ல் ஒரு முறையைப் புத்தகமாக எழுதினார். பயப்படுகிற விஷயத்தைப் படிகளாகப் பிரித்து, மிகச் சின்னப் படியில் உடம்பைத் தளர்த்தி நின்று பழகி, அடங்கிய பிறகு அடுத்த படி. பின்னால் வந்தவர்கள் இதில் மாற்றங்கள் செய்தார்கள், அடிப்படை அதுதான். நம் ஊரில் நீச்சல் அப்படித்தானே கற்றுக்கொடுப்பார்கள்? முதலில் கிணற்றுப் படியில் உட்கார வைப்பார்கள், இடுப்பில் சுரைக்காய்க் குடுக்கை கட்டுவார்கள். சில மாமாக்கள் மேலிருந்து தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிடப்பட்ட என் அண்ணன் அறுபது வயது வரை கிணற்றுப் பக்கம் போகவில்லை. "பைபாஸ்ல ஏத்தி விட்டா தானா வரும்" என்று சொல்கிற கணவன்மார்கள் இதைக் கவனிக்கவும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது: ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். பேச்சுக் கொடுக்காத ஆளாக இருக்கட்டும், "பாத்து பாத்து" என்று கத்தாத ஆளாக இருக்கட்டும். பைபாஸில் ஒரு இடத்தில் ஏறி, அடுத்த இறக்கத்திலேயே இறங்கிவிடு. இடது லேனில், அறுபதில், முன்னால் போகிற பேருந்துக்கு நல்ல இடைவெளி விட்டு. வீட்டுக்கு வந்து காபி குடி. அதையே நாலு ஞாயிறு. பிறகு பூந்தமல்லி வரை, பிறகு சுங்கச்சாவடி வரை. நடுவில் படபடப்பு வந்தால் நடு ரோட்டில் பிரேக் அடிக்காதே, இடது இண்டிகேட்டர் போட்டு அடுத்த இறக்கத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு வா. மூச்சை மெதுவாக வெளியே விடு, இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்கட்டும். மழை நேரத்திலும் ராத்திரியிலும் வேண்டாம், அதற்கு அவசரமில்லை. நாலு வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை என்றால், ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார். பல்வலிக்குப் போகிற மாதிரி போ. கம்பெனி பஸ் இருந்தால் அதுவரை அதில் போ, அது தோல்வி இல்லை. வேலையை மட்டும் விடாதே.

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. முதல் தடவை இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தாளாம். இரண்டாவது தடவை நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தது அவள் மாமியார், அவருக்கு ஓட்டவே தெரியாது, வழி முழுக்க வாய் திறக்கவில்லையாம். வேலைக்குச் சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வேண்டுகோள். பாடி மேம்பாலம் வருவதற்கு முன்பு அந்தச் சந்திப்பு எப்படி இருந்தது என்று காட்டுகிற போட்டோ யாரிடமாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். லூகாஸிலோ டி.ஐ.யிலோ வேலை பார்த்த அப்பா, தாத்தாவின் சைக்கிள் போட்டோ என்றாலும் சரி. எண்பதுகளில் நூறடி ரோட்டில் மாடு மேய்ந்ததை நான் சொன்னால் என் பேத்தி நம்பமாட்டேன் என்கிறாள்.